பன்னிரண்டு மணி நேர வேலையும் நம் மஷூராவும்
ஆட்சியாளருக்கு ஆலோசனை சொல்வது எப்படி?



தொழிலாளர் சட்டம் என்றதும் அது கட்சிக்காரர்களுக்கும் தொழிற்சங்கத்தாருக்கும் உரிய விஷயம் என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். ஆனால் நம் அறக்கட்டளைக்கு உதவி கேட்டு வரும் குடும்பங்களைப் பாருங்கள். கடையில் நிற்கும் பிள்ளை, ஆலைக்குப் போகும் பெண், ஸ்ரீபெரும்புதூரிலோ ஆம்பூரிலோ ஷிப்ட் வேலை பார்க்கும் மகன் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது கூலிக்கு உழைப்பவர். அவர் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார், கூடுதலாக உழைத்த நேரத்துக்கு எவ்வளவு பெறுவார், வாரம் ஒரு நாள் பிள்ளைகளோடு இருப்பாரா என்பதையெல்லாம் தீர்மானிப்பது சட்டத்தின் சில வரிகள்தான்.

அந்த வரிகளை எழுதுகிறவர்களிடம் நாம் பேசலாமா? பேசினால் கேட்பார்களா? இதற்கு விடையாக நம் மாநிலத்திலேயே அண்மையில் ஒரு நிகழ்வு நடந்திருக்கிறது. சட்டமன்றத்தில் நிறைவேறிவிட்ட ஒரு சட்டம், ஆலோசனை சொன்னவர்களின் பேச்சைக் கேட்டு பத்தே நாளில் திரும்பப் பெறப்பட்டது. அது எப்படி நடந்தது, அதிலிருந்து கள்ளக்குறிச்சிக்காரர்களான நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்பதை இங்கே விளக்குகிறோம்.

2023 ஏப்ரலில் நடந்தது என்ன?

2023 ஏப்ரல் 12 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா அறிமுகமானது. ஏப்ரல் 21 அன்று, கூட்டத்தொடரின் கடைசி நாளில், குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 65-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்ப்பதே அதன் வேலை. எந்தத் தொழிற்சாலைக்கும், எந்த வகைத் தொழிற்சாலைகளுக்கும் பழைய சட்டத்தின் ஆறு பிரிவுகளிலிருந்து விலக்கு அளிக்க மாநில அரசுக்கு அந்தப் பிரிவு அதிகாரம் கொடுத்தது.

அந்த ஆறு பிரிவுகள் என்னென்ன? பிரிவு 51: வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. பிரிவு 52: வாரம் ஒரு நாள் விடுமுறை. பிரிவு 54: நாளொன்றுக்கு 9 மணி நேரமே உச்சம். பிரிவு 55: ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை பார்த்தால் இடையில் அரை மணி நேர ஓய்வு. பிரிவு 56: ஓய்வையும் சேர்த்து ஆலைக்குள் இருக்கும் மொத்த நேரம் பத்தரை மணிக்கு மேல் போகக் கூடாது. பிரிவு 59: கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி. தொழிலாளியின் நாளைக் காக்கும் வேலி முழுவதும் இந்த ஆறு பிரிவுகளில்தான் இருக்கிறது.

அரசு தரப்பில் ஒரு வாதம் இருந்தது. அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது. விரும்புகிறவர்கள் நாளுக்கு 12 மணி வீதம் நான்கு நாள் உழைத்து, மூன்று நாள் ஓய்வு எடுக்கலாம். மின்னணு உற்பத்தி, தோல் அல்லாத காலணி போன்ற சில தொழில்களுக்கு மட்டுமே இது. வெளிநாட்டு நிறுவனங்கள் இத்தகைய நெகிழ்வை எதிர்பார்க்கின்றன. அண்டை மாநிலமான கர்நாடகம் அதே ஆண்டு பிப்ரவரியில் இதேபோன்ற திருத்தம் செய்துவிட்டது என்றெல்லாம் சொல்லப்பட்டது. வேலைவாய்ப்பு வர வேண்டும் என்ற கவலை பொய்யான கவலை அல்ல.

ஆனால் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. ஆளுங்கட்சியைச் சேர்ந்த தொழிற்சங்கமான தொ.மு.ச.வும் எதிர்த்தது. எங்களிடம் முன்கூட்டிப் பேசவில்லை என்பது சங்கங்களின் முதல் குறை. ஏப்ரல் 24 அன்று தலைமைச் செயலகத்தில் அமைச்சர்கள் எல்லாச் சங்கங்களையும் அழைத்துப் பேசினார்கள். அன்று மாலையே சட்டத்தின் மேல்நடவடிக்கையை நிறுத்தி வைப்பதாக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். நிறுத்தி வைத்தால் போதாது, திரும்பப் பெற வேண்டும் என்று சங்கங்கள் தொடர்ந்து வலியுறுத்தின. மே 1 அன்று சென்னை சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் பேசியபோது, சட்டம் திரும்பப் பெறப்படுகிறது என்று முதலமைச்சர் அறிவித்தார். திரும்பப் பெறுவதைத் தாம் அவமானமாகக் கருதவில்லை, பெருமையாகவே கருதுவதாகவும் சொன்னார்.

அந்த மே தினத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தினார். அதன் நூற்றாண்டு நிறைந்த நாளில்தான் எட்டு மணி நேர வேலைக்கு வந்த ஆபத்து விலகியது. நமக்குப் பழக்கமான வாரம் 48 மணி நேரம் என்ற வரம்புக்கும் வயது அதிகம் இல்லை. டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில் கொண்டுவந்த திருத்தத்தின் வழியாக, 1946-ல்தான் 54 மணி 48 ஆகக் குறைந்தது.

ஆலோசனை சொன்னவர்கள் எதைச் சொன்னார்கள்?

'தொழிலாளர் விரோதச் சட்டம்' என்ற கோஷம் எல்லா எதிர்ப்பிலும் இருக்கும். ஆனால் ஆட்சியாளரின் மனத்தை மாற்றுவது கணக்கும் வாழ்க்கையும். அந்தக் கணக்கை நம் வீட்டுக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம்.

ஒரு பெண்ணுக்கு மணிக்கு 60 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 12 மணி வீதம் நான்கு நாள் வேலை செய்கிறார். பழைய சட்டத்தின்படி 9 மணிக்கு மேல் உழைத்த ஒவ்வொரு மணிக்கும் இரட்டைக் கூலி. நான்கு நாளில் சாதாரண நேரம் 36 மணி, அதற்கு 2,160 ரூபாய். கூடுதல் நேரம் 12 மணி, மணிக்கு 120 வீதம் 1,440 ரூபாய். மொத்தம் 3,600. பிரிவு 54, 59 இரண்டிலிருந்தும் விலக்கு கொடுத்துவிட்டால் 48 மணிக்கும் ஒரே கூலி, 2,880 ரூபாய். வாரத்துக்கு 720 ரூபாய் வித்தியாசம். 'மொத்த நேரம் மாறவில்லையே' என்ற பேச்சுக்குள் இந்த 720 ரூபாய் மறைந்திருக்கிறது.

அடுத்து 'விரும்பினால்' என்ற சொல். வேலை கேட்டு வாசலில் நூறு பேர் நிற்கும் ஊரில், உள்ளே இருப்பவர் 'எனக்கு விருப்பமில்லை' என்று சொல்லிவிட்டு வேலையைத் தக்கவைத்துக்கொள்ள முடியுமா? விருப்பத்துக்குச் சட்டத்தின் காவல் இல்லையென்றால் அது பெயரளவு விருப்பமே.

மூன்றாவது, மூன்று நாள் ஓய்வு என்பது சட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்ற கேள்வி. வாராந்தர விடுமுறை தரும் பிரிவு 52-ம் விலக்குப் பட்டியலில் இருந்தது. வாரம் 48 மணி என்ற வரம்பைச் சொல்லும் பிரிவு 51-ம் இருந்தது. வாயால் சொன்ன வாக்குறுதி ஒன்று, ஏட்டில் எழுதிய அதிகாரம் வேறு. ஆலோசனை சொன்னவர்கள் ஏட்டைப் படித்துவிட்டுப் பேசியதால்தான் அவர்கள் பேச்சுக்கு எடை இருந்தது.

இதற்கு முன்னுதாரணமும் இருந்தது. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், குஜராத் அரசு தொழிற்சாலைகளில் நாளுக்கு 12 மணி நேர வேலையை அனுமதித்து, கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி தேவையில்லை என்று அறிவித்தது. 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. பெருந்தொற்று நெருக்கடியையே காரணமாகக் காட்டினாலும் தொழிலாளியின் உழைப்பைக் கூலி குறைத்து வாங்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

கள்ளக்குறிச்சிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

அந்த மசோதா நிறைவேறுவதற்கு நான்கு நாள் முன்பு, 2023 ஏப்ரல் 17 அன்று, ஒரு ஒப்பந்தம் கையெழுத்தானது. தைவான் நாட்டின் பௌ சென் குழுமத்தைச் சேர்ந்த ஹை குளோரி ஃபுட்வேர் நிறுவனம், நம் மாவட்டத்தில் 2,302 கோடி ரூபாய் முதலீட்டில் காலணி ஆலை அமைக்கத் தமிழ்நாடு அரசுடன் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. 12 ஆண்டுகளில் 20,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. இடம் உளுந்தூர்பேட்டை சிப்காட். விலக்கு கிடைக்கும் தொழில்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்ட தோல் அல்லாத காலணித் தொழிலே நம் மாவட்டத்துக்கு வரும் பெரிய தொழில்.

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தில் நெல், கரும்பு, மரவள்ளி விவசாயமும், அரிசி ஆலையும், கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைகளும் தவிரப் பெரிய தொழில் இருந்ததில்லை. ஆயிரக்கணக்கான வேலைகள் வருவதை வரவேற்கிறோம். நம் பெண் பிள்ளைகள் வெளியூர் விடுதிகளில் தங்காமல் வீட்டிலிருந்தே போய்வர வழி பிறந்தால் அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கணக்கைப் பாருங்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டைக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம். 12 மணி நேர ஷிப்ட் என்றால் காலை ஆறரைக்கு வீட்டை விட்டால் இரவு ஒன்பதுக்குத்தான் திரும்பலாம். லுஹர், அஸர், மஃரிப் மூன்று வக்தும் ஆலைக்குள் கழியும். ரமலானில் நோன்பு திறப்பதும் இயந்திரத்தின் அருகில்தான். மாலை மக்தபுக்குப் பிள்ளையை அனுப்பவும், பாடம் கேட்கவும் தாய் வீட்டில் இருக்க மாட்டாள். எட்டு மணி நேர வேலை என்பது ஒரு குடும்பம் குடும்பமாக இருப்பதற்கான நேரம்.

மலையிலிருந்து கற்க வேண்டிய பாடம்

இதே ஆலைகளுக்கு இறங்கி வரப்போகும் இன்னொரு கூட்டம் கல்வராயன் மலைப் பிள்ளைகள். வெள்ளிமலையிலும் அதைச் சுற்றிய மலைக் கிராமங்களிலும் வாழும் மலையாளி பழங்குடி மக்களுக்கு, காவல் இல்லாத உழைப்பு என்றால் என்ன என்று நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. நாடு விடுதலை அடைந்த பிறகும் இந்த மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்துக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. 1976-ல்தான் மலை முழுமையாக அரசு நிர்வாகத்தின் கீழ் வந்தது. நாடு முழுவதற்கும் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976-ல்தான்.

சட்டம் வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்த துயரத்துக்குப் பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துத் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவம், பிழைப்பு என்று அடிப்படைக் கேள்விகள் அங்கே எழுந்தன. இன்றும் மலையில் வேலை இல்லாத மாதங்களில் முன்பணம் வாங்கிக்கொண்டு கேரளாவுக்கும் கர்நாடகத் தோட்டங்களுக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பணம் கழியும் வரை திரும்ப முடியாது என்ற நிலை வந்தால் சட்டத்தின் பார்வையில் அது கொத்தடிமை முறை. அப்படிச் சிக்கியவர்களைப் பற்றி மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம். மீட்கப்பட்டவருக்கு உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கொடுக்கவும் விதி இருக்கிறது.

பாடம் இதுதான்: சட்டத்தில் உரிமை எழுதப்படுவது பாதி வேலை. அது தெரிந்தவர்கள், கேட்கக் கூடியவர்கள் ஊரில் இருப்பது மீதிப் பாதி. மலைக்காரர்களுக்காக நாம் கேட்பதும், நமக்காக அவர்கள் கேட்பதும் ஒரே கேள்விதான்.

இப்போது எதைக் கவனிக்க வேண்டும்?

2023 சட்டம் போய்விட்டது. ஆனால் பேச்சு முடியவில்லை. நாடாளுமன்றம் 2019-லும் 2020-லும் நிறைவேற்றிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டு வந்தது. ஊதியம், தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு என்று நான்கு. 1948 தொழிற்சாலைகள் சட்டம் இவற்றில் கடைசித் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது.

இவற்றில் நல்லவை உண்டு. வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். வேலையை விட்டால் இரண்டு வேலை நாளில் கணக்கை முடிக்க வேண்டும். கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி தொடர்கிறது. தொழிலாளியின் சம்மதமும் வேண்டும்.

கவலை தருபவையும் உண்டு. முன்பு மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை. இப்போது 20 பேர். மின்சாரம் இல்லாத இடத்தில் 20 என்பது 40 ஆகிவிட்டது. நம் ஊர்களின் சிறு பட்டறைகளில் பல இதனால் அந்த வரையறைக்கு வெளியே போகும். 100 பேர் இருக்கும் ஆலையில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்றிருந்தது 300 பேராக உயர்ந்துவிட்டது. பெண்கள் சம்மதித்தால் இரவு ஷிப்டிலும் வேலை செய்யலாம். அந்தச் சம்மதம் எப்படிப் பெறப்படும், போக்குவரத்தும் பாதுகாப்பும் யார் பொறுப்பு என்பது விதிகளைப் பொறுத்தது.

நாளுக்கு 8 மணி நேரம் என்று பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு சொல்கிறது. ஆனால் ஓய்வு இடைவெளியைச் சேர்த்து மொத்தம் எத்தனை மணி நேரம் ஆலைக்குள் இருக்கலாம், கூடுதல் நேரம் எவ்வளவு வரை போகலாம், எந்த ஆலைக்கு விலக்கு என்பவற்றை அரசின் விதிகளும் அறிவிப்புகளும்தான் முடிவு செய்யும். 2023-ல் முன்வாசல் வழியாக வந்த 12 மணி நேரம், விதி என்ற பக்கவாசல் வழியாக வரலாம். விதிகளை எழுதும்போது வரைவை முன்கூட்டி வெளியிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. நாம் பேச வேண்டிய நேரம் அதுதான்.

ஆலோசனையின் அதபு

ஆலோசனை கேட்டு நடப்பதை முஃமின்களின் பண்பாக அல்லாஹ் சொல்கிறான்; ஷூரா என்ற பெயரிலேயே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் உண்டு. மார்க்கம் என்பதே நலம் நாடுவது என்று சொன்ன நபி (ஸல்) அவர்கள், அந்த நலம் நாடலில் தலைவர்களையும் பொதுமக்களையும் சேர்த்தே சொன்னார்கள். கொடுங்கோலனான ஃபிர்அவ்னிடம் போகும் மூஸா (அலை) அவர்களுக்கே மென்மையாகப் பேசும்படிதான் கட்டளை வந்தது. நாம் சந்திக்கும் எந்தச் சட்டமன்ற உறுப்பினரும் ஃபிர்அவ்ன் அல்ல. நாமும் மூஸா (அலை) அல்ல. அப்படியானால் மென்மை நமக்கு இன்னும் கூடுதலாகவே கடமை.

2023 நிகழ்விலிருந்து ஐந்து முறைகளை எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று, ஏட்டைப் படித்துவிட்டுப் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை வைத்து மனு எழுதாதீர்கள். எந்தப் பிரிவு, எந்த வரி என்று சொல்லுங்கள். நம் ஜமாஅத்துகளில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். ஒரு ஜும்ஆவுக்குப் பின் அரை மணி நேரம் அவர்களை விளக்கச் சொல்லலாம்.

இரண்டு, எதிர்த்தரப்பின் நியாயத்தை ஒப்புக்கொள்ளுங்கள். வேலைவாய்ப்பு வேண்டும் என்று தலைவர் சொன்னால், எங்களுக்கும் வேண்டும் என்று தொடங்குங்கள்.

மூன்று, மறுப்போடு மாற்றையும் சொல்லுங்கள். பன்னிரண்டு மணி நேரம் இரண்டு ஷிப்ட் என்பதற்குப் பதிலாக எட்டு மணி நேரம் மூன்று ஷிப்ட் வைத்தால் அதே இயந்திரத்தில் கூடுதலான குடும்பங்கள் பிழைக்கும். இதைச் சொல்லும் ஆலோசனை ஆட்சியாளருக்கும் பயன்படும்.

நான்கு, தனியாகப் போகாதீர்கள். மலைக் கிராமத்தார், தலித் சகோதரர்கள், சர்ச் அமைப்பினர், விவசாயத் தொழிலாளர் சங்கத்தார், வணிகர்கள் எல்லோரும் சேர்ந்து போனால் அது ஊரின் குரல். ஆளுங்கட்சியின் சொந்தத் தொழிற்சங்கமே உடன் நின்றதுதான் 2023-ல் கதவைத் திறந்தது. நம்மிலும் எல்லாக் கட்சிக்காரர்களும் உண்டு. அவரவர் தங்கள் கட்சித் தலைவரிடம் சொல்வதே அதிகப் பலன் தரும்.

ஐந்து, திரும்பி வருகிறவருக்கு வழி விடுங்கள். சட்டத்தைத் திரும்பப் பெற்றவரை 'பணிந்துவிட்டார்' என்று கேலி செய்தால் அடுத்த முறை யாரும் திரும்ப மாட்டார்கள். நன்றி சொல்லுங்கள்.

எங்கே போவது? நம் மாவட்டத்தின் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், ரிஷிவந்தியம், உளுந்தூர்பேட்டை ஆகிய நான்கு தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களிடம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில். வரைவு விதி வெளியானால் தொழிலாளர் துறைக்குத் தபாலில். மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மாதிரி ஒன்று:

"ஐயா, எங்கள் ஊரிலிருந்து இத்தனை பெண்களும் இத்தனை ஆண்களும் ஆலை வேலைக்குப் போகிறார்கள். புதிய ஆலைகள் வருவதை வரவேற்கிறோம். மாநில விதிகளில் மூன்றை மட்டும் உறுதி செய்ய வேண்டுகிறோம். ஓய்வு உட்பட ஆலைக்குள் இருக்கும் நேரம் பத்தரை மணிக்கு மேல் போகக் கூடாது. கூடுதல் நேரத்துக்கு எழுத்தில் சம்மதமும் இரட்டைக் கூலியும் வேண்டும். மாலை ஏழு மணிக்குப் பிறகு வேலை முடியும் பெண்களை வீட்டருகே கொண்டுவந்து விடும் வாகனத்தை நிறுவனமே தர வேண்டும். மலைக் கிராமங்களுக்கும் இது பொருந்த வேண்டும்."

நம் கடையிலிருந்து தொடங்குவோம்

தலைவரிடம் நீதி கேட்கப் போகிறவரின் கல்லாப்பெட்டியையும் ஊர் பார்க்கும். நம்மில் பலர் முதலாளிகள். ஜவுளிக்கடை, மளிகை, பிரியாணிக் கடை, இறைச்சிக்கடை, அரிசி ஆலை என்று பத்துப் பேருக்காவது சம்பளம் கொடுக்கிறோம். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் கடை ஊழியருக்கு நாளுக்கு 8 மணி, வாரம் 48 மணி, வாரம் ஒரு நாள் விடுமுறை என்கிறது. 2021-ல் வந்த திருத்தத்தின்படி, நின்றுகொண்டே வேலை பார்க்கும் ஊழியர் உட்கார இருக்கை வைக்க வேண்டும். காலை ஒன்பதுக்குக் கடை திறந்து இரவு பத்துக்கு அடைக்கும் வரை ஒரே பையன் நிற்கிறான் என்றால், நாம் எதிர்க்கும் பன்னிரண்டு மணி நேரம் நம் கடையில் ஏற்கெனவே நடக்கிறது.

வேலைக்காரரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தக் கூடாது, சுமத்தினால் கூட நின்று உதவ வேண்டும் என்றும் சொன்னார்கள். முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரித்திருப்பதும் ஹதீஸில் வருகிறது. மத்யன் நகரத்துப் பெரியவர் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைத்தபோது, காலம் எட்டு ஆண்டு, பத்தாக்கினால் அது உம் விருப்பம், உம்மைச் சிரமப்படுத்த நான் நாடவில்லை என்று நிபந்தனையை முதலிலேயே தெளிவாகச் சொன்னதைத் திருக்குர்ஆன் எடுத்துச் சொல்கிறது. கூடுதல் என்பது உழைப்பவரின் மனமொப்பி வர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

ஆகவே முதலாளிகளான சகோதரர்களுக்கு நாங்கள் முன்வைப்பது மூன்று: வேலை நேரத்தையும் சம்பளத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், வார விடுமுறையைத் தவறாமல் கொடுங்கள், உட்கார ஒரு நாற்காலி போடுங்கள். வேலைக்குப் போகும் சகோதர சகோதரிகளுக்கு மூன்று: நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள், கூடுதல் நேரத்தைத் தேதி வாரியாக ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். படித்துக் காட்ட ஆள் வேண்டுமானால் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். மலையிலிருந்து வரும் நண்பர்களையும் அழைத்து வாருங்கள். இந்த உதவிக்கு மதம் கேட்கப்படாது.

சட்டம் எழுதுகிறவர்களுக்கு நீதியான மனத்தையும், ஆலோசனை சொல்லும் நமக்கு அறிவையும் நிதானத்தையும், உழைக்கும் எல்லோருடைய கூலியிலும் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.